சிஆர்சி எண்ணிக்கையும் நெட்வொர்க் கார்டும்: முதுகுளத்தூர் நிலைமையில் ஒரு மறுவாசிப்பு

யூனிக்ஸ் சர்வரில் சிஆர்சி பிழை, அதாவது தரவு வழியில் கெட்டதைக் காட்டும் எண், ஏறினால் நெட்வொர்க் கார்டு பழுது. ஏறாவிட்டால் கார்டு நலம். பராமரிப்புப் பணியில் பலர் சொல்லிவருவது இதைத்தான். இதன் இரு பாதிகளுமே தவறு என்பது இக்கட்டுரையின் வாதம். முதல் பாதி நல்ல கார்டைக் கழற்ற வைக்கிறது. இரண்டாம் பாதி கெட்ட கார்டைப் பணியில் விட்டுவைக்கிறது. இரண்டாவதே ஆபத்தானது.

முதல் பாதியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ‘ஈத்டூல்’ கட்டளை காட்டும் சிஆர்சி எண், கார்டுக்கு வந்து சேர்ந்த ஃபிரேம்களின் சேதத்தைச் சொல்வது. கார்டு அனுப்பியவை வழியில் கெட்டனவா என்ற கணக்கு எதிர்முனையில், சுவிட்ச் போர்ட்டில் இருக்கிறது. ஆகவே சர்வரில் ஏறும் எண் சுவிட்சின் அனுப்பும் பகுதியையோ, கேபிளையோ, அதன் முனைகளையோ, கார்டின் பெறும் பகுதியையோ சுட்டலாம். ஒரு முனை ஃபுல் டூப்ளெக்ஸாகவும் மறுமுனை ஹாஃப் டூப்ளெக்ஸாகவும் அமைந்துவிட்டால், பழுதே இல்லாத கார்டிலும் இந்தப் பிழை குவியும். போதாக்குறைக்கு, செப்புக் கேபிளில் ஓடும் ஜிகாபிட் இணைப்புக்கான தரம் 1000 கோடி பிட்டுக்கு ஒரு பிழையை அனுமதிக்கிறது; முழு வேகத்தில் அது 10 விநாடிக்கு ஒன்று. நல்ல இணைப்பு இதைவிட வெகு குறைவாகவே காட்டும் என்றாலும், மொத்த ஃபிரேம்களோடு ஒப்பிடாத வெற்று எண் எதையும் நிறுவாது.

முதுகுளத்தூர் வட்டாரத்தில் இந்த எச்சரிக்கைக்குக் கூடுதல் காரணம் உண்டு. வாலிநோக்கம் உப்பளங்கள் இருக்கும் அதே கடற்கரை மாவட்டத்தைச் சேர்ந்தது இது. உப்பும் ஈரமும் சேர்ந்தால் செப்பு அரிபடும். அந்த அரிப்புக்கு முதலில் இலக்காவது கார்டின் சில்லு அல்ல, வெளியே திறந்து நிற்கும் ஆர்ஜே-45 முனையும் மலிவான பேட்ச் கேபிளும்தான். மின்னல் அடித்த பிறகோ கதை மாறும். ஈதர்நெட் தரம் கேட்கும் மின்தடுப்பு 1500 வோல்ட் அளவுக்குத்தான். எர்த் குழி காய்ந்து கிடக்கும் கட்டடத்தில் மின்னல் அலை அதை எளிதில் தாண்டும். அப்படி அடிபட்ட கார்டு எப்போதும் உடனே செத்துவிடுவதில்லை. 1000 மெகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100-க்கு இரண்டு போதும். எனவே ஒரு ஜோடியின் சுற்று கெட்டாலும் இணைப்பு 100-க்கு இறங்கி ஓடலாம். கேபிளையும் சுவிட்ச் போர்ட்டையும் மாற்றியும் வேகம் ஏறவில்லையென்றால், அந்த இறக்கம் சிஆர்சி எண்ணைவிடப் பல மடங்கு உறுதியான தடயம்.

இரண்டாம் பாதிக்கு ஆதாரமாகக் காட்டப்படக்கூடியது, ஜொனாதன் ஸ்டோனும் கிரெய்க் பார்ட்ரிட்ஜும் 2000-இல் சிக்காம் கணினி நெட்வொர்க் மாநாட்டில் வெளியிட்ட கட்டுரை. இணையத்தில் ஓடும் பாக்கெட்டுகளில் 1,100-க்கு ஒன்று முதல் 32,000-க்கு ஒன்று வரை டிசிபி செக்சம் சோதனையில் தோற்பதை அவர்கள் கண்டார்கள். அதே இணைப்புகளில் சிஆர்சியைத் தாண்டித் தப்ப வேண்டியது 400 கோடியில் ஒரு பிழைதான். இதைப் படிப்பவர்கள், சிஆர்சி தப்பவிட்டதை டிசிபி பிடித்துக்கொள்கிறது, ஆகவே கவலை வேண்டாம் என்று முடித்துக்கொள்ளக்கூடும்.

கட்டுரை சொல்வது வேறு. சிஆர்சி காவல் காப்பது கம்பியை மட்டும். அந்த ஆய்வில் கிடைத்த பிழைகளில் பெரும்பகுதி கம்பியில் பிறக்கவே இல்லை. கணினிகளுக்குள்ளும் ரூட்டர்களுக்குள்ளும், சிஆர்சி சரிபார்த்து முடித்த பிறகோ சேர்க்கப்படும் முன்போ பிறந்தவை. கார்டின் உள்நினைவகம் கெட்டாலும், அங்கிருந்து சர்வரின் நினைவகத்துக்குத் தரவு போகும் வழி கெட்டாலும் சிஆர்சி எண் பூஜ்யமாகவே நிற்கும்.

அந்தப் பூஜ்யத்தை நலத்தின் அடையாளமாக வாசிப்பது இன்று முன்னைவிடப் பெரிய தவறு. இன்றைய கார்டுகள் டிசிபி செக்சத்தையும் தாமே சரிபார்க்கின்றன. கார்டு ‘சரி’ என்று சொல்லிவிட்டால் கர்னல் மறுபடி பார்ப்பதில்லை. கார்டு சரிபார்த்த கணத்துக்குப் பின் ஒரு பிட் புரண்டால், அது எந்தக் கணக்கிலும் ஏறாமல் நிலப்பதிவிலோ வங்கி இருப்பிலோ போய் உட்காரும். பழுதுபட்டிருக்கக்கூடிய கருவியே தன் நலத்துக்குச் சான்று தருகிறது. 2000-ஆம் ஆண்டுத் தரவு பழசு என்ற மறுப்பு இங்கே நிற்காது. செக்சம் வேலை கார்டுக்கு மாறிய பிறகு, அந்த அளவீட்டின் தேவை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

எனவே சோதனையின் வரிசை மாற வேண்டும். கார்டின் செக்சம் வேலையை நிறுத்திக் கர்னலிடம் ஒப்படைத்து, டிசிபி செக்சம் பிழை எண்ணைக் கவனிக்கலாம். பெரிய கோப்பு ஒன்றைத் திரும்பத் திரும்ப அனுப்பி, இரு முனையிலும் எஸ்ஹெச்ஏ-256 மதிப்பை ஒப்பிடலாம். குற்றம் சர்வரின் நினைவகத்தில் இருக்கலாமே என்றால், அதே கோப்பைச் சர்வருக்குள்ளேயே படியெடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். எஸ்எஸ்ஹெச் இணைப்பு ‘மேக்’ (செய்தி சிதையாததை உறுதிசெய்யும் குறி) பிழை காட்டி அறுந்தால் அதை அலட்சியம் செய்யக் கூடாது; டிசிபி தப்பவிட்டதை எஸ்எஸ்ஹெச் பிடித்திருக்கிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

கண்காணிப்பிலும் இதே குறை. லினக்ஸின் பாண்டிங் ஏற்பாட்டில் ‘எம்ஐஐமான்’ பார்ப்பது இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டும். அனுப்பும் வரிசை உறைந்துபோன கார்டிலும் விளக்கு எரியும். ஏஆர்பி வழியாகவோ, சோலாரிஸின் ஐபிஎம்பி போல வேறொரு கணினிக்குச் சோதனைப் பாக்கெட் அனுப்பியோ பார்க்கும் முறைதான் உண்மையைச் சொல்லும்.

இவ்வட்டாரத்தில் கார்டு தாய்ப்பலகையோடு சேர்ந்தே வருகிற சர்வருக்குக் கார்டு பழுது என்று எழுதினால், பலகைக்கு மதுரை வரை சொல்லியனுப்ப வேண்டியிருக்கும். ரீபூட் செய்தால் சர்வரின் கணக்குகள் எல்லாம் பூஜ்யத்துக்குத் திரும்பித் தடயமும் அழியும். ஆகவே தாலுகா அலுவலகமானாலும் வங்கிக் கிளையானாலும், பராமரிப்பில் இருப்பவர்களிடம் கேட்பது இது: சர்வரைத் தொடும் முன் சர்வரின் எண்களையும் சுவிட்ச் போர்ட்டின் எண்களையும் நேரம் குறித்து ஒரே தாளில் எழுதி வையுங்கள், அந்தத் தாள் இல்லாமல் கார்டு மீது தீர்ப்பு எழுதாதீர்கள்.