வ.உ.சி.யின் வாடகைக் கப்பலும் நம்ம ஓப்பன் சோர்ஸ் கருவிகளும்

பெரிய கம்பெனிங்க இலவசமா கொடுக்கிற ஓப்பன் சோர்ஸ் கருவிகளை நம்பி பொழப்பை ஓட்டலாமா? பொட்டி தட்டுற மக்கள்கிட்ட அடிக்கடி வர்ற பேச்சு இது. தூத்துக்குடிக்காரன் இதையும் கப்பல்ல கொண்டுபோய்த்தான் நிறுத்துவான், பொறுத்துக்கோங்க :-)

1906 அக்டோபர்ல வ.உ.சி. சுதேசி கப்பல் கம்பெனியைப் பதிவு செஞ்சார். மூலதனம் 10 லட்சம். பங்கு ஒன்னு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. தூத்துக்குடி - கொழும்பு வழியில கோலோச்சின பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்குப் போட்டி. எல்லாம் சரி, கப்பல்? ஷா லைன் கம்பெனிகிட்ட வாடகைக்கு எடுத்துதான் ஆரம்பிச்சாங்க. வெள்ளைக்கார கம்பெனி நெருக்கினதும் ஷா லைன் கப்பலைத் திருப்பி எடுத்துக்கிச்சு. அவ்ளோதான், கம்பெனி கரையில நிக்குது. அதுக்கப்புறம்தான் மனுஷன் அலைஞ்சு திரிஞ்சு 1907-ல காலியா, லாவோ-ன்னு ரெண்டு சொந்தக் கப்பலைக் கொண்டுவந்தார்.

நம்ம கதைக்கு வருவோம். 2005-ல மத்திய அரசு இலவசமா வெளியிட்ட தமிழ் மென்பொருள் சிடி ஞாபகம் இருக்கா? அதுல ஓப்பன் ஆபிஸும் இருந்தது. புரோகிராமிங் கருவி இல்லைதான், ஆனா நமக்கு நெருக்கமான உதாரணம். அதுக்குப் பின்னாடி இருந்தது சன் மைக்ரோசிஸ்டம்ஸ். 2010 ஜனவரியில சன் மொத்தமும் ஆரக்கிள் கைக்குப் போச்சு, மைஎஸ்க்யூஎல், ஜாவா உட்பட. செப்டம்பர்லயே டெவலப்பர்கள் நிரலை எடுத்துக்கிட்டு லிப்ரே ஆபிஸ்னு தனிக்குடித்தனம் போயிட்டாங்க. மைஎஸ்க்யூஎல்-ல இருந்து மரியாடிபி 2009-லயே பிரிஞ்சாச்சு. ஷா லைன்காரன் கப்பலை எடுத்துட்டுப் போனா கையில ஒன்னும் மிஞ்சாது. இங்க கப்பலோட நகல் நம்மகிட்டயே இருக்கு. பெரிய வித்தியாசம்யா இது.

ஆனா வ.உ.சி. கதை சொந்தக் கப்பலோட முடியலையே. எதிராளி கட்டணத்தைக் குறைச்சுக்கிட்டே போனான். கடைசியில டிக்கெட்டும் இலவசம், கூட ஒரு குடையும் இலவசம்னு எங்க ஊர்ல இன்னமும் சொல்வாங்க. (பெரிய கம்பெனி எதையாவது சும்மா கொடுத்தா எனக்கு அந்தக் குடைதான் ஞாபகம் வரும்.) 1908 மார்ச் 12-ல வ.உ.சி.யைக் கைது செஞ்சாங்க. நடத்த ஆளில்ல, 1911-ல கம்பெனியையே கலைச்சுட்டாங்க. கப்பல் இருந்தது, மாலுமி இல்ல.

ஆங்குலர்ஜேஎஸ்-க்கும் இதேதான். கூகுள் 2021 கடைசியோட ஆதரவை நிறுத்திருச்சு. நிரல் இன்னிக்கும் எம்ஐடி உரிமத்துல அங்கேயே கிடக்கு, யார் வேணா எடுத்து நடத்தலாம். ஆபிஸ்ல ஆணி புடுங்கவே நேரம் இல்லாதவன் எங்க நடத்துறது? அதனால நான் ஒரு கருவியை எடுக்கும்போது உரிமத்தை மட்டும் பார்க்கிறதில்ல. அந்தக் கம்பெனி சம்பளம் வாங்காத எத்தனை பேர் அதுல நிரல் எழுதுறாங்கன்னும் பார்ப்பேன்.

2024 மார்ச்ல ரெடிஸ் உரிமத்தை மாத்தினப்ப, வெளியாட்கள் நிறைய பேர் இருந்ததால அதே மாசத்துல லினக்ஸ் ஃபவுண்டேஷன் நிழல்ல வால்கீ கிளம்பிருச்சு. அதுக்குத் தோள் கொடுத்தவங்க யாரு? அமேசான், கூகுள்... அப்புறம் நம்ம ஆரக்கிள்!