இடம் கொடுத்தவருக்குப் பொறுப்பு இல்லையா?

போதைப்பொருள் விற்பவரைப் பிடிப்பது காவல்துறையின் வேலை. இதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால், விற்பதற்கு இடம் கொடுத்தவரின் கடமை என்ன? இது இணையத்தோடு பிறந்த கேள்வி அன்று. இந்த மண்ணில் நூறாண்டுகளுக்கு முன்பே எழுந்த கேள்வி.

சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய நீரிணைக் குடியேற்றங்களில், 19ஆம் நூற்றாண்டில் அபின் விற்கும் உரிமையைக் காலனித்துவ அரசாங்கம் வணிகர்களுக்குக் குத்தகைக்கு விட்டது. அரசாங்க வருமானத்தில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வந்தது. 1910ஆம் ஆண்டில் அந்த விற்பனையை அரசாங்கமே ஏற்று நடத்தத் தொடங்கியது. உழைத்த கூலியையெல்லாம் அபினுக்கே கொடுத்து அழிந்த தொழிலாளர்களைக் கண்டு மருத்துவர்களும் சமூகத் தலைவர்களும் குரல் எழுப்பினார்கள். ஆயினும் முழுத் தடை 1946ஆம் ஆண்டில்தான் வந்தது. வருமானம் வரும் கதவை எவரும் எளிதில் மூடிவிடுவதில்லை.

இணையம் அதே பாடத்தை மீண்டும் படிக்க வேண்டியிருந்தது.

2001ஆம் ஆண்டில், கலிஃபோர்னியாவில் 18 வயது மாணவர் ஒருவர் இணையத்தின் வழியாக வலி நிவாரணி மாத்திரைகளை வரவழைத்தார். மருந்துச் சீட்டு எழுதிய மருத்துவர் அவரை நேரில் பார்த்ததே இல்லை. அந்த மாத்திரைகளை உட்கொண்ட இளையர் உயிரிழந்தார். மகனை இழந்த தாயார் சட்டத்திற்காகப் போராடினார். 2008ஆம் ஆண்டில் அந்த இளையரின் பெயரிலேயே சட்டம் பிறந்தது. கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை இணையத்தில் விற்க, மருத்துவர் ஒரு முறையாவது நோயாளியை நேரில் பரிசோதித்திருக்க வேண்டும் என்று அது விதித்தது.

சட்டம் மருத்துவரையும் மருந்தகத்தையும் பிடித்தது. வழிகாட்டிய விளம்பரம்?

அதற்கு 2011ஆம் ஆண்டில் பதில் கிடைத்தது. மருந்துகளைச் சட்டவிரோதமாக அமெரிக்காவுக்கு அனுப்பிய கனடிய இணைய மருந்தகங்களின் விளம்பரங்களை கூகல் நிறுவனம் ஏற்றிருந்தது. அப்படி அனுப்புவது சட்டவிரோதம் என்பதை அந்நிறுவனம் 2003ஆம் ஆண்டிலேயே அறிந்திருந்தது என்றது அமெரிக்க நீதித்துறை. முடிவில் கூகல் 500 மில்லியன் டாலரை அரசாங்கத்திடம் ஒப்படைத்தது. விசாரணை நடப்பது 2009ஆம் ஆண்டில் தெரியவந்த பிறகே, சான்றிதழ் பெற்ற மருந்தகங்கள் மட்டும் விளம்பரம் செய்யலாம் என்ற விதியை அது கொண்டுவந்தது. முன்பே செய்திருக்கக்கூடிய காரியம்தான் அது.

அதே 2011ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு வேறொரு கதவைக் காட்டியது. வேண்டாத மின்னஞ்சல்களின் வழியாக விற்கப்பட்ட மருந்துகள், போலிப் பொருட்கள், மென்பொருட்கள் ஆகியவற்றுக்கான பணத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு, விரல்விட்டு எண்ணக்கூடிய சில வங்கிகளின் வழியாகவே சென்றது. ஆயிரம் இணையத்தளங்களைத் துரத்துவதைவிட, பணம் செல்லும் சில வாசல்களை அடைப்பது எளிது.

விற்பவர்கள் சும்மா இருந்தார்களா? மின்னிலக்க நாணயத்தில் வியாபாரம் நடத்திய ‘சில்க் ரோடு’ என்ற மறைவான சந்தை 2011ஆம் ஆண்டில் தொடங்கி, 2013ஆம் ஆண்டில் முடக்கப்பட்டது. அது மூடப்பட்டதும் வேறு சந்தைகள் முளைத்தன. அவற்றைவிடக் கவலை தருவது, பிள்ளைகள் நாள்தோறும் பயன்படுத்தும் தளங்களில் நடக்கும் வியாபாரம். 2013ஆம் ஆண்டில் போதைப்பொருள் தொடர்பான சில தேடல் சொற்களை இன்ஸ்டகிராம் தடுத்தது. விற்பவர்களோ சொற்களை மாற்றினார்கள். சொற்களுக்குப் பதில் சிறு படக்குறிகளைப் போட்டார்கள். ஸ்னாப்சாட்டில் அறிமுகமானவர்களிடம் ஃபென்டனில் கலந்த போலி மாத்திரைகளை வாங்கித் தங்கள் பிள்ளைகள் மாண்டதாக அமெரிக்கப் பெற்றோர் 2022ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தார்கள்.

2024 ஆகஸ்ட் மாதம் டெலிகிராம் நிறுவனர் பாவெல் துரோவ் பிரான்சில் கைதானார். போதைப்பொருள் விற்பனைக்கு உடந்தை என்பதும் அவர் மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று. மற்றவர்கள் செய்யும் குற்றத்துக்குத் தளத்தை நடத்துபவரைக் குற்றஞ்சாட்டுவது தவறான அணுகுமுறை என்றார் அவர். என்றாலும், முறையான சட்டக் கோரிக்கை வந்தால் விதிமீறுவோரின் தொலைபேசி எண்ணை அதிகாரிகளிடம் தருவதாக டெலிகிராம் அடுத்த மாதமே அறிவித்தது.

சிங்கப்பூர், கைது வரை காத்திருக்காத வழியைத் தேர்ந்தெடுத்தது. 2023ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையக் குற்றங்களுக்கு எதிரான சட்டம், 2024 பிப்ரவரியில் நடப்புக்கு வரத் தொடங்கியது. போதைப்பொருள் குற்றங்களும் அதில் அடங்கும். பதிவை அகற்றவும் கணக்கை முடக்கவும் தளங்களுக்கு அதன்கீழ் உத்தரவிடலாம். மின்சிகரெட்டில் கலந்து விற்கப்பட்ட எட்டோமிடேட், 2025 செப்டம்பர் 1ஆம் தேதி போதைப்பொருள் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

தளங்கள் செய்யக்கூடியவை பல: விளம்பரதாரரைச் சரிபார்ப்பது, பணம் செல்லும் வழியை அடைப்பது, முடக்கப்பட்ட ஆசாமி புதுப்பெயரில் நுழையாமல் பார்ப்பது, புகாரை உடனே கவனிப்பது. சொற்களை மட்டும் தடுத்தால் போதாது. இவற்றில் எதுவும் இயலாத காரியமன்று. ஆயினும், கூகல் முதல் டெலிகிராம் வரை, கேள்வி தன் வாசலுக்கு வந்த பிறகே தளங்கள் கதவைச் சாத்தியிருக்கின்றன. அபின் கடைகள் மூடப்படக் காத்திருந்த ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்கள் சிதைந்தன. அந்தக் காத்திருப்பு மறுபடியும் வேண்டுமா?