போலீஸ் கமிஷனர் ஏன் அடிக்கடி மாறுகிறார்? பிரவீன் சூட்டின் சர்வீஸ் சொல்லும் பதில்

எலெக்ட்ரானிக் சிட்டியில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு பெங்களூரு போலீஸின் 'பிங்க் ஹொய்சாலா' ரோந்து வண்டி தெரிந்திருக்கும். பெண்கள், குழந்தைகள் பாதுகாப்புக்காக 2017 ஏப்ரலில் அது வந்தபோது, கூடவே சுரக்‌ஷா ஆப்பும் வந்தது. அப்போது கமிஷனர் பிரவீன் சூட். நாலு மாசத்துக்குள் அவரை மாற்றிவிட்டார்கள்.

அதே அதிகாரிதான் பிறகு கர்நாடக டிஜிபி ஆனார், 2023-ல் சிபிஐ இயக்குநரும் ஆனார். கமிஷனர் நாற்காலியில் சுமார் 7 மாசம், டிஜிபி நாற்காலியில் 3 வருஷத்துக்கு மேல். ஏன் இந்த வித்தியாசம்?

யார் இந்த பிரவீன் சூட்?

இமாச்சலப் பிரதேசத்தைச் சேர்ந்தவர். டெல்லி ஐஐடியில் படித்துவிட்டு, 1986-ல் 22 வயதில் ஐபிஎஸ்ஸில் சேர்ந்தார். கேடர், கர்நாடகா.

• 1989: மைசூருவில் ஏஎஸ்பி. பிறகு பெல்லாரி, ராய்ச்சூர் மாவட்டங்களில் எஸ்பி.
• 1999: மூன்று வருஷம் மொரீஷியஸ் நாட்டு போலீஸுக்கு ஆலோசகர்.
• 2004–2007: மைசூரு கமிஷனர்.
• 2008–2011: பெங்களூரு டிராஃபிக் பிரிவின் கூடுதல் கமிஷனர். சில்க் போர்டு பக்கமிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு நீங்கள் போகும் மேம்பாலம் திறந்தது இந்தக் காலத்தில்தான், 2010 ஜனவரியில்.
• 2017: பெங்களூரு கமிஷனர்.
• 2020: கர்நாடக டிஜிபி.
• 2023 மே: சிபிஐ இயக்குநர்.

ரேங்க் வேறு, போஸ்டிங் வேறு

ஐடி கம்பெனியில் கிரேடு ஒன்று, ப்ராஜெக்ட் இன்னொன்று இல்லையா? போலீஸிலும் அப்படித்தான். ரேங்க்குக்கு சர்வீஸ் கணக்கு உண்டு. குறைந்தது 14 வருஷம் ஆனால் டிஐஜி, 18-ல் ஐஜி, 25-ல் ஏடிஜிபி, 30-ல் டிஜிபி. காலியிடமும் நல்ல ரெக்கார்டும் வேண்டும்.

ஆனால் எந்த நாற்காலி, எத்தனை நாளுக்கு என்பதை முடிவு செய்வது அரசு. ரேங்க்கைக் குறைக்காமலே ஒருவரை முக்கியமில்லாத இடத்துக்கு அனுப்பலாம்.

கோர்ட் என்ன சொன்னது?

பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாநில டிஜிபிக்குக் குறைந்தது 2 வருஷம் தர வேண்டும். யுபிஎஸ்சி தேர்ந்தெடுத்துத் தரும் மூன்று மூத்த அதிகாரிகளில் ஒருவரைத்தான் நியமிக்க வேண்டும். மாவட்ட எஸ்பி, ஸ்டேஷன் இன்சார்ஜ் போன்றவர்களுக்கும் 2 வருஷம் என்றது. நடைமுறையில் பல மாநிலங்கள் இதை முழுசாகப் பின்பற்றவில்லை.

சிபிஐ இயக்குநருக்குப் பாதுகாப்பு இன்னும் பலமானது. பிரதமர், மக்களவை எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி (அல்லது அவர் நியமிக்கும் நீதிபதி) சேர்ந்த குழு தேர்வு செய்யும். குறைந்தது 2 வருஷம். 2021 திருத்தத்துக்குப் பிறகு, ஒவ்வொரு வருஷமாக நீட்டித்து மொத்தம் 5 வருஷம் வரை போகலாம். அதனால்தான் 2024 மே மாதம் 60 வயதான பிறகும் சூட் பதவியில் தொடர்ந்தார். 2025 மே மாதம் இன்னொரு வருஷம் நீட்டிப்பும் கிடைத்தது.

அப்போ அரசியலே இல்லையா?

இருக்கிறது. 2023 மார்ச்சில் கர்நாடக காங்கிரஸ் தலைவர் டி.கே.சிவகுமார், டிஜிபியாக இருந்த சூட் பாஜக அரசுக்குச் சாதகமாக நடக்கிறார் என்று வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார். மே 13-ம் தேதி தேர்தல் முடிவு வந்து காங்கிரஸ் ஜெயித்தது. மறுநாளே சூட்டின் சிபிஐ நியமன உத்தரவு வந்தது. தேர்வுக் குழுவில் இருந்த காங்கிரஸின் அதிர் ரஞ்சன் சௌத்ரி எதிர்ப்பைப் பதிவு செய்ததாகவும் செய்திகள் வந்தன. நாற்காலிக்குப் பாதுகாப்பு தருவது மட்டும் போதாது, அதில் யாரை உட்கார வைப்பது என்பதிலும் நம்பிக்கை வேண்டும் என்பதற்கு இது உதாரணம்.

இதில் உங்களுக்கு என்ன?

2017 ஜனவரியிலிருந்து 2025 ஜூன் தொடக்கம் வரை பெங்களூரு 7 கமிஷனர்களைப் பார்த்தது. சராசரி போட்டால் ஒருவருக்கு சுமார் 14 மாசம். 2019-ல் அலோக் குமார் இரண்டு மாசம்கூட இருக்கவில்லை. கடைசியாக இருந்த பி.தயானந்தா, சின்னசாமி ஸ்டேடியம் நெரிசலில் 11 பேர் இறந்த மறுநாள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார். அடுத்த மாசமே அது ரத்தானது.

ரோந்து ரூட், சிக்னல் மாற்றம், ஹெல்ப்லைன் எல்லாமே பலன் தர நாளாகும். ஆரம்பித்தவரே போய்விட்டால், சரியா நடக்குதான்னு யாரிடம் கேட்பது? எலெக்ட்ரானிக் சிட்டிக்கே 2025-ல் தனி டிசிபி டிவிஷன் வந்துவிட்டது. அந்த நாற்காலிக்கும் இதே கேள்விதான்.

அடுத்த தடவை டிரான்ஸ்ஃபர் செய்தி வந்தால் மூன்று விஷயம் பாருங்க: போனவர் எத்தனை மாசம் இருந்தார்? எதற்காக மாற்றினோம் என்று அரசு சொன்னதா? அவர் ஆரம்பித்த வேலையை இனி யார் பார்க்கப்போகிறார்?