புல்தரைப் பூஞ்சை நோய்கள் (கிள்ளான் பள்ளத்தாக்கு)

குளிர்நாடுகளில் பனிக்கடியில் புல்லை அழுகவைக்கும் பூஞ்சைக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கில் இடமில்லை. இங்கு மழைக்காலமே நோய்க்காலம். 1893இல் தொடங்கிய ராயல் சிலாங்கூர் கோல்ஃப் கிளப் உள்ளிட்ட கோலாலம்பூர் வட்டாரத் திடல்களில் ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பரிலும் மழை மிகுதி. வெப்பமான இரவும் காயாத இலையும் சேர்ந்தால் ரைசோக்டோனியா என்ற பூஞ்சை புல்லை வட்டவட்டமாகக் கருக்கும். நீர் தேங்கினால் பித்தியம் என்ற நோய்க்கிருமி வேரை அழுகவைக்கும். பித்தியம் உண்மையில் பூஞ்சை இனமே அன்று. ஆகவே அதற்கான மருந்தும் வேறு. குழியைச் சுற்றி மிகக் குட்டையாக வெட்டப்படும் கிரீன் பகுதிக்கே ஆபத்து அதிகம்.

வடிகால்தான் தலையாய தடுப்பு: மணல் அடித்தளம் அமைத்து, அவ்வப்போது துளையிட்டு மண்ணுக்குக் காற்றூட்ட வேண்டும். மாலையில் நீர் பாய்ச்சக் கூடாது. விடியலே ஏற்ற வேளை. இலையில் தங்கும் பனித்துளியை நீண்ட கழியால் தட்டிவிடுவது எளிய, மிகப் பயனுள்ள வழக்கம். மருந்து இவற்றுக்குப் பிறகே. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால் நோய்க்கிருமி அதற்கு எதிர்ப்பாற்றல் பெற்றுவிடும்.