மஃபின்

மஃபின் என்பது ஈஸ்ட் இல்லாமல், பேக்கிங் பவுடரால் உப்பவைத்துக் குழித்தட்டில் சுடப்படும் சிறு ரொட்டி வகை. இது அமெரிக்க வழக்கு. ஈஸ்ட் சேர்த்துக் கல்லில் தட்டையாகச் சுடும் ஆங்கில மஃபின் வேறு. ஆல்ஃபிரட் பேர்டு 1843இல் பர்மிங்காமில் பேக்கிங் பவுடரை உருவாக்கினார். 1856இல் எபன் ஹார்ஸ்ஃபர்டு அமெரிக்காவில் பேக்கிங் பவுடரில் சேர்க்கும் கால்சியம் பாஸ்பேட் அமிலத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஈஸ்டுக்காகக் காத்திருக்க வேண்டிய தேவை அதன்பின் குறைந்தது. மினசோட்டா மாநிலம் 1988இல் புளூபெர்ரி மஃபினைத் தன் அதிகாரபூர்வ மஃபினாகவே அறிவித்தது.

சாப்பிடுவோர் பலருக்கும் பிடித்தது மொறுமொறுவென்று கூம்பி நிற்கும் மேற்பகுதிதான். மேற்பகுதியை மட்டும் விற்கும் கடையை வைத்து ‘சைன்ஃபெல்ட்’ நகைச்சுவைத் தொடர் 1997இல் ஓர் அத்தியாயமே எடுத்தது. மிஞ்சிய அடிப்பகுதிகளை இலவசமாகக் கொடுத்தும் வாங்க ஆளில்லை.

மேற்பகுதி கூம்புவதற்குக் காரணம் சூடு பரவும் வேக வேறுபாடு. தட்டின் உலோகத்தை ஒட்டிய மாவு முதலில் வெந்து இறுகுகிறது. நடுமாவு அப்போதும் இளகியே இருக்கும். அதில் விரியும் வாயுவும் நீராவியும் பக்கவாட்டில் வழியின்றி மாவை மேலே தள்ளுகின்றன; மேல்தோல் வெடித்து முகடு உண்டாகிறது. சூடு மந்தமாக இருந்தால் மாவு முழுதும் ஒருசேர எழும்பித் தட்டையாக நின்றுவிடும். அதனால்தான் முதல் ஐந்து நிமிடம் 220 டிகிரி செல்சியஸ், பிறகு 180 டிகிரி என்று வைப்பது வழக்கம். சிறிய ஓ.டி.ஜி. மின் ஓவனில் கதவைத் திறந்த மாத்திரத்தில் சூடு இறங்கிவிடுவதால் முன்கூட்டியே நன்றாகச் சூடேற்ற வேண்டும். பாதியில் திறந்து பார்க்கக் கூடாது.

மாவு இட்லி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியிலிருந்து வழியாமல் தொப்பென்று விழ வேண்டும். அப்போதுதான் குழியை விளிம்புவரை நிரப்ப முடியும். முக்கால் குழி நிரப்பச் சொல்லும் குறிப்புகள் பல உண்டு; அளவான மஃபின் கிடைக்கும், முகடு கிடைப்பது அரிது. கலந்த மாவை அரைமணி நேரம் வைத்தால் மாவுச்சத்து நீரை உறிஞ்சி இன்னும் கெட்டிப்படும். ஈரத்தில் ஒருமுறையும் சூட்டில் மறுமுறையும் வாயு விடும் இருமுறைப் பேக்கிங் பவுடருக்கே இது பொருந்தும். மோரும் சமையல் சோடாவும் மட்டும் சேர்த்த மாவை உடனே ஓவனில் ஏற்ற வேண்டும்.

ஒரு கப் மைதாவுக்கு ஒன்று முதல் ஒன்றரை தேக்கரண்டி பேக்கிங் பவுடர் போதும். கூடுதலாகப் போட்டால் மாவு சட்டென எழும்பி, இறுகும் முன்பே நடுவில் குழிந்துவிடும். நாக்கில் கசப்பும் தங்கும். உலர்பொருள்களையும் முட்டை, பால், எண்ணெய்க் கலவையையும் தனித்தனியே தயாரித்து, கடைசியில் பத்துப் பதினைந்து கிளறலில் சேர்க்க வேண்டும். சிறு கட்டிகள் இருக்கலாம். அடித்துக் கலக்கினால் குளூட்டன் வலுத்து, உள்ளே நீள்வாக்கில் துளைகள் விழும். மேல்புறம் ஊசிபோல் கூர்ந்து கோணும்.

மொத்தம் 18 முதல் 22 நிமிடத்தில் வெந்துவிடும். குத்திய குச்சியில் மாவு ஒட்டக் கூடாது. இறக்கிய ஐந்தாறு நிமிடத்தில் தட்டிலிருந்து எடுத்துக் கம்பி வலைமேல் வைக்காவிட்டால், நீராவி தங்கி அடிப்பகுதி சொதசொதத்துப் போகும்.