ஆறாண்டு ஐந்தாண்டான வரலாறு

காலத்தைச் சுருக்கினால் கல்வியும் சுருங்குமோ? ஆசிரியர் பலர்க்கு எழும் இவ்வையத்திற்குத் தொழிலகப் பொறியியலின் வரலாறு விடை பகர்கின்றது.

கொத்து வேலையில் வாழ்க்கையைத் தொடங்கிய அமெரிக்கர் பிராங்க் கில்பிரெத், ஒரு செங்கல்லை வைக்க 18 அசைவுகள் செலவாவதைக் கண்டு, அவற்றை 5 ஆக்கினார். மணிக்கு 120 கல் வைத்த இடத்தில் 350 கல் வைக்கலாயினர். இதனை டெய்லர் 1911இல் தம் நூலில் விளக்கினார். அவர் பரிந்துரைத்த ஹியூகோ டீமரைத் தலைவராகக் கொண்டு, பென்சில்வேனியா மாநிலக் கல்லூரி 1909இலேயே இத்துறைக்கு நான்காண்டுப் பட்டப்படிப்பை அமைத்திருந்தது.

பின்னாளில் முதுநிலைப் படிப்பும் சேர, ஆறாண்டு வரை தேவையாயிற்று. இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல இரண்டையும் இணைத்து ஐந்தாண்டில் முடிக்க வழி செய்துள்ளன. நான்காம் ஆண்டில் பயிலும் முதுநிலைப் பாடங்கள் சில இரு பட்டங்கட்கும் கணக்கில் கொள்ளப்படும். காலம் சுருங்குவது இதனாலேயாம்.

ஒன்று கருதத்தக்கது. கல்லையும் சாந்தையும் கைக்கெட்டும் உயரத்தில் வைத்துக் கில்பிரெத் நீக்கியது குனிதலையே, சாந்தை அன்று. இணைப்புப் படிப்பும் கற்றதையே மீண்டும் கற்பதை நீக்கட்டும். மாணவன் சிந்தித்துத் தெளியும் பொழுதை நீக்கலாகாது. சாந்தில்லாச் சுவர் விரைந்தெழும், நிலைத்து நில்லாது.