ஐப்பசி மாதத்துக் கொள்ளிடக்கரை

பள்ளிக்கூடத்தில் "இலையுதிர் காலம்" என்று படித்தபோது, எங்கள் ஊரில் எந்த மரம் இலையை உதிர்க்கிறது என்று தெருத்தெருவாகத் தேடியவன் நான். பாடம் சொன்ன அக்டோபர், நவம்பரில் இங்கே காய்ந்த வேலியில்கூடப் பச்சைக்கொடி ஏறியிருக்கும். நம் முன்னோர் இந்த இரண்டு மாதங்களுக்கு வைத்த பெயர் கூதிர். ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்தது. அந்தக் கூதிர்காலத்தில் ஒரு கரையோர ஊர் அன்றாடம் எப்படி வாழ்ந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

கரையோர ஊர் என்றதும் கடலை நினைத்துவிட வேண்டாம். எங்கள் அரியலூர் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. (பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு இருந்தது. அன்றைய கடலுயிர்கள் கல்லாகிப் போனவை இன்றும் மழை அரித்த ஓடைகளில் கிடைக்கின்றன. அதைத் தொட்டால் கட்டுரை திசைமாறிவிடும்.) எங்களுக்கு வாய்த்த கரை கொள்ளிடக்கரை. அதன் வடகரையில் இருக்கிறது திருமழபாடி.

இந்த ஊர் வைத்தியநாத சுவாமி கோயிலைப் பற்றி ஒரு செய்தி. அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு வியப்பு தீரவில்லை. முதலாம் ராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013 வாக்கில், இந்தக் கோயிலின் விமானத்தைப் பிரித்துக் கல்லால் புதிதாகக் கட்ட உத்தரவிடுகிறான். பழைய சுவர்களில் கல்வெட்டுகள் இருந்தன. இடித்தால் அவை போய்விடும். ஆகவே முதலில் எல்லாவற்றையும் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ளச் சொல்கிறான்! கோயில் எழுந்த பிறகு, அவன் மகன் ராஜேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், அந்தப் புத்தகத்தைப் பார்த்து மீண்டும் சுவரில் வெட்டினார்கள். நடுவில் பதின்மூன்று ஆண்டுகள். அத்தனை மழைக்காலங்களிலும் அந்த ஏட்டுக்கட்டை நனையாமல், கரையான் அரிக்காமல் யாரோ காத்திருக்கிறார்கள். அவர் பெயர் நமக்கு வந்து சேரவில்லை.

சோழர் கல்வெட்டுகளில் எங்கு பார்த்தாலும் ஒரு கணக்கு வரும். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள். அவற்றை ஓர் இடையரிடம் ஒப்படைப்பார்கள். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குப் பெயர் "சாவா மூவாப் பேராடு". சாகாது, மூப்படையாது! கேட்க அழகாக இருக்கிறது. அதன் உண்மையான பொருள், எத்தனை ஆடு செத்தாலும் கிழமானாலும் 96 என்ற எண்ணிக்கை குறையக் கூடாது என்பதுதான். குறைந்தால் இடையர் பாடு.

இப்போது இதை ஐப்பசியில் வைத்துப் பாருங்கள். விடாத அடைமழை. பட்டி முழுக்கச் சேறு. ஆடு வளர்ப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள், இந்த மாதங்களில்தான் குளம்பு அழுகும். நாக்கும் வாயும் வீங்கும் நீலநாக்கு நோய் நம் மாநிலத்தில் அதிகம் தலைகாட்டுவதும் வடகிழக்குப் பருவமழை நேரத்தில்தான். குட்டிகள் குளிரில் விறைத்துப்போகும். மேய்ச்சலுக்கு ஓட்டவும் முடியாது. ஆனால் விளக்கு அணையக் கூடாது, உழக்கு நெய் குறையக் கூடாது. கொடை கொடுத்தவர் பெயர் ஆயிரம் ஆண்டாகக் கல்லில் நிற்கிறது. மழையில் கொங்காணியைப் போட்டுக்கொண்டு ஆட்டுப்பட்டிக்குக் காவல் கிடந்தவரின் ஐப்பசி எதிலும் ஏறவில்லை. கூதிர்கால அன்றாட வாழ்க்கை என்று நான் தேடுவது அதைத்தான்.

கதைகளிலும் இதே நிலைதான். கல்கி 1950-ல் தொடங்கிய பொன்னியின் செல்வன், ஆடிப்பெருக்கு நாளில், வீராணம் ஏரிக்கரையில் ஆரம்பிக்கிறது. புதுவெள்ளத்துக்கு இருக்கும் கவர்ச்சி அப்படி. ஐப்பசி வெள்ளத்துக்கு அந்த மரியாதை இல்லை, அது வேலை வைக்கும் வெள்ளம்.

புரட்டாசி முடிவதற்குள் வரட்டி தட்டிக் காயவைத்து அடுக்கிவிட வேண்டும். விறகு பரணுக்கு ஏற வேண்டும். கூரை மாற்ற வசதியில்லாதவர்கள் ஒழுகும் இடத்தில் மட்டும் புது ஓலை சொருகுவார்கள். முன்னால் நட்ட குறுவை அறுவடைக்கு நிற்கும்போது மழை பிடித்தால் நெல் கதிரிலேயே முளைத்துவிடும். பின்னால் நட்ட சம்பாவோ இளம்பயிராகத் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும். ஒரே மழை ஒரு வயலுக்கு வரம், பக்கத்து வயலுக்குச் சாபம். கண்டராதித்தத்தில் செம்பியன் மாதேவியின் பெயர் தாங்கிய பெரிய ஏரி இருக்கிறது. அதைப் போன்ற ஏரிகள் நிரம்பும் நாட்களில் ஆண்கள் கரையிலேயே இரவு கிடப்பார்கள், நண்டு வளையில் நீர் கசிந்தாலும் கரை போய்விடும் என்ற பயத்தில். விடிந்தால் கலிங்கில் மீன்பிடி. கெண்டை, கெளுத்தி, விரால். மழை வெறித்த மாலையில் ஈசல் பிடித்து, அரிசியோடு வறுத்துத் தின்பதும் இந்த மாதங்களில்தான்.

ஆற்றங்கரைக்காரர்களுக்கு இன்னொரு சங்கதி உண்டு. வழி அடைபடுவது. பங்குனியில் இங்கே நந்தி கல்யாணம். மாப்பிள்ளை நந்தி தென்பக்கத்துத் திருவையாற்றிலிருந்து கொள்ளிடம் தாண்டி வருவார். கோடையில் ஆறு வெறும் மணல், நடந்தே போகலாம். அதே ஆறு ஐப்பசியில் பெருகினால் அக்கரையில் கட்டிக்கொடுத்த மகள் தலைதீபாவளிக்கு வருவதற்குக்கூடப் பரிசல்காரர் மனசு வைக்க வேண்டும்.

கொள்ளிடம் ஏன் இப்படி ஒன்று காய்கிறது, இல்லாவிட்டால் கரைபுரள்கிறது? இதில் இயற்கை பாதி, வரலாறு பாதி. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, ஓட்டம் நேர். அதனால் தண்ணீர் இந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போக, காவிரி மணல்மேடிட்டு, தஞ்சை வயல்கள் வாடின. 1836-ல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டினார். தஞ்சை பிழைத்தது. கொள்ளிடம் அன்றிலிருந்து வடிகால் ஆனது. 1934-ல் மேட்டூர் அணையும் வந்த பிறகு, மற்றவர்களுக்குப் போக மிஞ்சியதுதான் எங்களுக்கு ஆறு. அணையைக் கட்டியவரைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் தஞ்சைப் பக்கம் எழுதப்படும் வரலாற்றில் அவர் வாழவைத்தவர் என்று மட்டும் இருக்கும், வடகரைக்காரன் அதைப் படிக்கும்போது கொஞ்சம் நெளிவான். 2018 ஆகஸ்ட் 22 இரவில் அந்த மேலணையின் 45 மதகுகளில் ஒன்பது இடிந்து விழுந்தபோது, நூற்றெண்பது ஆண்டுக்கு முந்தைய அந்த ஏற்பாடு எல்லோருக்கும் திடீரென்று ஞாபகம் வந்தது.

வெளியுலகம் எங்கள் பக்கத்துக் கூதிரை ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. 1956 நவம்பர் 23, கார்த்திகை பிறந்து ஒரு வாரம். கொள்ளிடத்தில் கலக்கும் மருதையாறு பெருக்கெடுத்து, அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையிலிருந்த ரயில் பாலத்தை அரித்துவிட, விடியற்காலையில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முன்பே மெகபூப்நகர் விபத்துக்காக லால் பகதூர் சாஸ்திரி பதவி விலக முன்வந்து, நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு விலகியே விட்டார். பொது அறிவுப் புத்தகங்களில் "அரியலூர்" என்ற பெயர் வருவது பெரும்பாலும் இந்த ராஜினாமாவுக்காகத்தான். (பெரம்பலூரோடு மறுபடி சேர்த்திருந்த அரியலூரைத் திரும்பவும் தனி மாவட்டமாக்கியதும் ஒரு நவம்பர் 23-ல்தான், 2007-ல்.)

என் அப்பாயிக்கு அப்போது பன்னிரண்டு வயது. சாஸ்திரியைப் பற்றிக் கேட்டால் அவருக்கு ஒன்றும் தெரியாது. "அன்னிக்கு என்ன நடந்துச்சு அப்பாயி?" என்று கேட்டேன்.

"ஊருல ஒரு வீட்டுலயும் அடுப்பு எரியலடா தம்பி."

துக்கத்தினாலா என்றேன்.

"துக்கம் பொறவுதான் தெரிஞ்சுது. வெறவெல்லாம் நனஞ்சு போச்சு. மூணு நாளா அவலு. எங்கப்பாரு ஏரிக்கரையில காவலுக்குப் போனவரு, நாலாம் நாளுதான் வந்தாரு. காலு ரெண்டும் ஊறி வெளுத்துக் கெடந்துச்சு, நான்தான் வெளக்கெண்ண தடவுனேன்."

நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டேன். எதுக்குடா இதையெல்லாம் எழுதுற என்று சிரித்துவிட்டு, முற்றத்தில் காயவைத்த வரட்டியை எடுத்து அடுக்கப் போய்விட்டார். தெற்கே மேகம் கட்டியிருந்தது.